கத்தி படக்கூடாது

"இப்ப எதுக்கு வாயைத் தொறக்குறீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஃபிளோரா தாடைக்கட்டை இன்னொரு முறை இறுக்கினாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியை ஆரோக்கியம் ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்திருந்தாள். உச்சந்தலையில் போட்ட முடிச்சு நழுவி, இருதயசாமியின் வாய் பாதி திறந்திருந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த வாய் தெரியாதா? ஏதோ சொல்ல வந்துவிட்டு, அப்புறம் "ஒண்ணுமில்ல, சோத்தப் போடு" என்று முடிக்கும்போது அது இப்படித்தான் இருக்கும்.

"சீக்கிரம் அண்ணி, கூலிங் போயிடும்" என்றாள் ஆரோக்கியம். இருதயசாமியின் ஒரே தங்கை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

ஃபிளோரா அந்த முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். இவளா? இவளாகத்தான் இருக்க வேண்டும். நாத்தனார் அழுவதைக்கூட நம்ப முடியாத நிலைக்கு வந்துவிட்டோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

நேற்றுக் காலை, கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றிருக்கின்றன. முன்னால் இருந்த வண்டி நகரவில்லை என்று பின்னால் இருந்தவன் ஹாரனை அடித்து, கெட்ட வார்த்தையில் திட்டி, கடைசியில் இறங்கி வந்து பார்த்திருக்கிறான். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி இருதயசாமி போய்ச் சேர்ந்திருந்தார். ஊருக்கு அது திடீர்ச் சாவு. ஃபிளோராவுக்கு அப்படி இல்லை. ஐப்பசியிலேயே தஞ்சாவூர் டாக்டர் கையில் ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். "அடைப்பு நெறைய இருக்கும்மா. நெஞ்சைத் தொறந்துதான் சரி பண்ணணும். தள்ளிப்போடாதீங்க."

தள்ளிப் போட்டார்கள். ஏன் போட்டார்கள் என்பதுதான் இப்போது அவள் தொண்டையில் முள்ளாய் நிற்கிறது.

தஞ்சாவூரிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே அவள் பங்குச்சாமியாரிடம் ஓடினாள். மகனுக்குச் சொல்லவில்லை, நாத்தனாருக்குச் சொல்லவில்லை. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு, திரைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டாள். "சாமி, ஆபரேஷன் பண்றதா வேணாமா? ஆண்டவர் சித்தம் என்னன்னு எனக்குத் தெரியணும்." சாமியார், "டாக்டர் சொல்றபடி செய்யும்மா. நான் பூசையில வேண்டிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். ஃபிளோராவுக்குச் சப்பென்று போய்விட்டது. இதைச் சொல்ல சாமியார் எதுக்கு, கம்பவுண்டர் போதாதா? கடவுள் இவ்வளவு சாதாரணமாகவா பேசுவார்?

சீர்காழிக்குப் போகிற வழியில் தங்கம்மாள் சிஸ்டரின் ஜெப வீடு இருக்கிறது. ஓலைக் கொட்டகை, சிமெண்டுத் தரை, ஒரு ஆர்மோனியம். வியாழக்கிழமைதோறும் உபவாச ஜெபம். கத்தோலிக்கர், லுத்தரன், இந்துக்காரர் என்று எல்லாரும் வருவார்கள். சாமியார் காதுக்கு எட்டாமல் ஆரோக்கியம் அங்கே போய்க்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. வார்த்தை கேட்க வருகிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. நோயாளியின் துணி ஒன்றை முன்னால் வைத்துவிட்டு முழங்கால் போட வேண்டும். சிஸ்டர் அதன்மேல் கை வைத்து ஜெபித்து, கர்த்தர் காட்டினதைச் சொல்வார்.

ஃபிளோரா ஏமாளி இல்லை. போலியும் அசலும் கலந்துதான் கிடக்கும், சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்று சின்ன வயசு ஞானோபதேச வகுப்பிலேயே படித்தவள். தானும் ஒரு சோதனை வைத்தாள். வியாழக்கிழமை ஆரோக்கியத்தோடு கிளம்பினபோது, "அண்ணனுக்கு வாயுத் தொல்லை, அதுக்குத்தான்" என்று பொய் சொன்னாள். ஆபரேஷன் என்ற சொல் தன் வாயிலிருந்து வரவே வராது. சிஸ்டராகச் சொன்னால் அது ஆண்டவர். சொல்லாவிட்டால் பஸ் காசு தண்டம்.

இருதயசாமியின் துண்டின் மேல் கை வைத்துக்கொண்டு சிஸ்டர் ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு ஃபிளோராவின் காதருகே குனிந்து, "மகளே, அந்த நெஞ்சுல கத்தி படக்கூடாது" என்றார்.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள். அன்றைக்கு வீட்டில் கெண்டை மீன் குழம்பு. இருதயசாமியிடம் சொன்னாள். ஜெப வீடு என்றாலே "நம்ம டிராக்டர் எப்ப ரிப்பேராகும்னு உங்க சிஸ்டர்கிட்டக் கேட்டுட்டு வா" என்று கிண்டல் பண்ணுகிற மனுஷன், மெல்லுவதை நிறுத்தினார். "சாமியே சொல்லிட்டாருன்னா அப்புறம் நாம யாரு?" என்றார். இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். நக்கல் பண்ணுகிறவரே அடங்கிவிட்டாரே, இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும் என்று ஃபிளோரா நினைத்தாள்.

இப்போது அவர் ஐஸ் பெட்டியில் கிடக்கிறார். கர்த்தர் பொய் சொல்ல மாட்டார். அப்படியென்றால் சொன்னது கர்த்தர் இல்லை. கர்த்தர் இல்லையென்றால், கத்தி விஷயம் சிஸ்டருக்கு எப்படித் தெரிந்தது? எவரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எவரோ சொன்னதைச் சாமி வாக்கு என்று நம்பி, கட்டினவனைத் தன் கையாலேயே கொன்றுவிட்டாள். நேற்றிலிருந்து அவளுக்கு இதே நினைப்புத்தான். துக்கத்துக்கு வருகிற ஒவ்வொரு முகத்தையும், நீயா, நீயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன கார்க்காரனா? ஸ்கேன் எடுத்த நர்ஸ் பெண்ணா? தொட்டிக்குள்ளே இருந்த சாமியாரா என்று ஒரு நொடி நினைத்துவிட்டு, ஐயோ பாவி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆரோக்கியம்" என்றாள், மூடியைச் சாத்திக்கொண்டே. "அன்னிக்கு நாம போறதுக்கு முன்னாடி நீ சிஸ்டருக்குப் போன் பண்ணினியா?"

"எதுக்கு அண்ணி?"

"பண்ணினியா இல்லையா?"

"வேளாங்கண்ணி மாதா மேல சத்தியமா இல்ல. அண்ணனுக்கு வாயுன்னுதான எங்கிட்ட சொன்னீங்க? பஸ்ஸுல திரும்பி வர்றப்பதான் ஆபரேஷன்னே தெரியும்." ஆரோக்கியத்துக்கு அழுகை வெடித்தது. "எங்கண்ணனுக்கு நான் கெடுதல் நெனைப்பனா?"

இவ்வளவு சீக்கிரம் மாதா மேல் சத்தியம் பண்ணுகிறவளை நம்பலாமா? ஃபிளோராவுக்கு அதிலும் சந்தேகம்தான்.

வாசல் பந்தலில் இருதயசாமியின் கூட்டாளி அரசப்பன், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று யார் சொன்னது? "அறுப்புல நல்லபாம்பு வந்தா மெஷினை நிறுத்திப்புட்டு எல்லாரும் வரப்பைப் பாத்து ஓடுவோம். அவன் மட்டும் இறங்கிப் போய் வாலைப் புடிச்சுத் தூக்குவான். பயம்னா என்னன்னே தெரியாதவன். ஆனா ஒண்ணு, செருப்பு மட்டும் காணாப் போகக்கூடாது அவனுக்கு!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஊருக்கே தெரிந்த கதை அது. கல்யாணமான புதிதில் வேளாங்கண்ணித் திருவிழாவில் புதுச் செருப்பைப் பறிகொடுத்தவர், சுடுமணலில் தாவித் தாவி நடந்து வந்தார். அன்றிலிருந்து எந்தக் கோயிலுக்குப் போனாலும் செருப்பை வாசலில் விட மாட்டார். மஞ்சப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் பூசை பார்ப்பார். ஃபிளோராவுக்கு மானம் போகும். சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கச் சனங்கள் வரிசையில் எழுந்து போகும்போது, "நீ போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்பார். அவள் திரும்பி வந்து பையை மடியில் வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் எழுந்து போவார். பங்குச்சாமியாரே ஒரு தடவை கேட்டுவிட்டார். "இருதயசாமி, மோட்சத்துக்கும் செருப்போடதான் வருவீங்களா?" அவர் சளைக்கவில்லை. "அங்கதான சாமி கூட்டம் ஜாஸ்தி?"

பந்தல் சிரிப்பு சட்டென்று அடங்கியது. ஃபிளோரா எட்டிப் பார்த்தாள். தெருமுனையிலிருந்து தங்கம்மாள் சிஸ்டர் வந்துகொண்டிருந்தார். வெள்ளைப் புடவை, தோளில் துணிப்பை. வழக்கமாகக் கூட வருகிற ஆட்கள் யாரும் இல்லை.

மகன் அருள்பிரகாஷ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். சென்னையிலிருந்து விடிகாலையில் வந்தவன், வந்ததிலிருந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவானபோது போனில் கத்தினவன் அவன். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவர்களுக்குப் புத்தி எங்கேம்மா போச்சு என்று கேட்டவன். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருது பாரு" என்றான்.

"நீ இரு. நான் பேசிக்கறேன்" என்று ஃபிளோரா அவனைத் தாண்டிப் போனாள். சிஸ்டரின் முழங்கையைப் பிடித்து, வீட்டைச் சுற்றிக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருதயசாமியின் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். டிரெய்லரில் சிந்தின நெல்லைக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன.

"யார் சொன்னா உங்களுக்கு?"

சிஸ்டர் தோளிலிருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கர்த்தர்னு மட்டும் சொல்லாதீங்க. கர்த்தர் சொல்லியிருந்தா அந்த மனுஷன் இன்னிக்குப் பெட்டியில கெடக்க மாட்டாரு. நான் வாயே தொறக்கலையே. கத்தின்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? ஆரோக்கியமா?"

"அந்தப் பொண்ணு இல்லம்மா."

"அப்ப யாரு?"

"உங்க வீட்டுக்காரருதான்."

ஃபிளோராவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடேயப்பா! நல்ல ஆளாப் பாத்துத்தான் சாட்சிக்குக் கூப்புடுறீங்க. செத்தவரு எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்லவா போறாரு? அவரு உங்க கொட்டகைப் பக்கம் தலைவெச்சுப் படுப்பாரா?"

"வந்தாரும்மா. நீங்க வந்ததுக்கு முந்தின நாளு. புதன்கிழமை. நல்ல மழை."

"பொய்."

சிஸ்டர் தோளிலிருந்த துணிப்பையை இறக்கினார். உள்ளேயிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து நீட்டினார். "போறப்ப இதை விட்டுட்டுப் போயிட்டாரு. பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்காம மழையில போயிட்டாரு. என்னிக்காவது வந்து கேப்பாருன்னு வெச்சிருந்தேன்."

பையின் ஓரத்தில் திருவாரூர் ஜவுளிக்கடைப் பெயர் பாதி அழிந்திருந்தது. ஃபிளோராவுக்குப் பிரித்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் பிரித்தாள். பழுப்புத் தோல் செருப்பு. இடது காலில் வார் விட்டுப்போய், நன்னிலம் கடைத்தெருவில் கறுப்பு நூல் போட்டுத் தைத்தது. அவள்தான் கூட நின்று தைத்து வாங்கினாள்.

புதன்கிழமை. டிராக்டருக்கு ஸ்பேர் வாங்க மாயவரம் போகிறேன் என்று கிளம்பியவர், நனைந்து, வெறுங்காலோடு வந்து நின்றார். செருப்பு எங்கே என்று கேட்டாள். சேற்றில் மாட்டி அறுந்துவிட்டது, வாய்க்காலில் வீசிவிட்டேன் என்றார். தைத்து ஒரு மாசம் ஆகவில்லை, அதற்குள்ளாகவா என்று அவரைக் காய்ச்சி எடுத்தாள். எல்லாவற்றுக்கும் எதிர்வார்த்தை சொல்கிறவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். மறுநாள் அந்தத் துண்டைத்தான் அவள் ஜெப வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வார் அறுந்திருக்கவில்லை.

"என்ன சொன்னாரு?" குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"முழங்கால் போடத் தெரியல. சம்மணம் போட்டு உக்காந்து அழுதாரு. 'பாம்பப் புடிச்சுருவேன் சிஸ்டர், இது என்னால ஆவாது. மயக்க மருந்து குடுத்துப்புட்டு நெஞ்ச அறுப்பாங்களாம். நான் முழிக்காமலே போயிட்டா?'ன்னாரு. வீட்டுல சொல்லுங்கன்னு சொன்னேன். 'அவகிட்ட சொன்னா தூக்கிக்கிட்டுப் போயாவது படுக்க வெச்சிருவா. என் பேச்சைக் கேக்க மாட்டா, சாமி பேச்சுன்னாதான் கேப்பா. தங்கச்சிகிட்டப் பேசிவெச்சிருக்கா, நாளைக்கு அவ வருவா. கத்தி வேணாம்னு சொல்லிருங்க'ன்னாரு."

பொய் சாட்சி சொல்ல வந்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். சாமி பேச்சுன்னாதான் கேப்பா என்ற அந்தக் குத்தல், உப்புக் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவள் தினம் கேட்டதுதான். அடப்பாவி மனுஷா! எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? பயமா இருக்குடின்னு ஒரு வார்த்தை? திட்டியிருப்பாள். ஊரைக் கூட்டியிருப்பாள். கையைப் பிடித்து ஆபரேஷன் வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருப்பாள். ஆமாம், அவர் சொன்னது சரிதான், அப்படித்தான் செய்திருப்பாள். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

"அவரு சொன்னா? நீங்க அதைக் கர்த்தர் சொன்னதாச் சொல்லிருவீங்களா?"

"ராத்திரியெல்லாம் ஜெபிச்சேம்மா. எனக்கு ஒண்ணும் காட்டல. மறுநாள் உங்க துண்டு மேல கை வெச்சப்ப, அவரு அழுததுதான் காதுல கேட்டுச்சு. அதுதான் வார்த்தைன்னு நெனச்சேன்." சிஸ்டரின் கண்கள் தரையில் இருந்தன. "இல்ல, அப்படி நெனச்சுக்கணும்னு நெனச்சேன். எது எதுன்னு எனக்கும் தெரியல."

"மத்தவங்களுக்கெல்லாம் சொன்னது?"

ஒரு கோழி டிரெய்லரிலிருந்து குதித்து ஓடியது.

"என்ன ரகசியம் பேசிக்கிட்டிருக்கீங்க?" அருள்பிரகாஷ் வந்துவிட்டான். பின்னாலேயே ஆரோக்கியமும் அரசப்பனும், வேடிக்கை பார்க்க நாலைந்து பேரும். "ஏம்மா, உங்களைத்தான். எங்கப்பாவுக்கு ஆபரேஷன் வேணாம்னு சொல்ல நீங்க யாரு? டாக்டரா? போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். அந்தக் கொட்டகையைப் பிரிச்சுப் போடலன்னா பாருங்க."

"தம்பி, கொஞ்சம் பொறு" என்றார் அரசப்பன்.

"என்னத்தப் பொறுக்கிறது? எங்கப்பா எப்பேர்ப்பட்ட ஆளு! ஆபரேஷன்னா பயந்திருப்பாரா? இந்தா கீறிக்கோன்னு நெஞ்சைக் காமிச்சிருப்பாரு. இந்தம்மாதான் சாமி பேரைச் சொல்லிக் கெடுத்துருச்சு. சொல்லுங்க, சொன்னீங்களா இல்லையா?"

சிஸ்டர் நிமிர்ந்தார். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். ஃபிளோராவுக்கு அது தெரிந்தது. ஒரு வார்த்தை வந்தால் போதும், அவள் தலைமேல் இருக்கிற பாரம் இறங்கிவிடும். மகன் திரும்பவும் அம்மா என்று கூப்பிடுவான். அரசப்பன் பந்தலில் போய் உட்கார்ந்து வேறு கதை சொல்வார். பாம்பு கதை அதோடு முடிந்துபோகும்.

"அவங்க சொல்லல" என்றாள் ஃபிளோரா.

"என்னது?"

"சிஸ்டர் ஒண்ணும் சொல்லல. நான்தான் வேணாம்னேன்."

"போன்ல சிஸ்டர் சொன்னாங்கன்னு சொன்னியேம்மா?"

"உன் வாயை அடைக்கிறதுக்குச் சொன்னேன். உங்கப்பா போலாம்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் பயம். மயக்க மருந்து குடுத்து நெஞ்சை அறுப்பாங்க, முழிக்காமலே போயிட்டா என்ன பண்றதுன்னு பயம்." சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது. அது நடிப்பு இல்லை. "நான்தான்டா பயந்தாங்கொள்ளி. நான் அழுததைப் பாத்துட்டு அவரு விட்டுட்டாரு."

அருள்பிரகாஷ் அவளையே பார்த்தான். அடிக்கக் கை ஓங்கிவிட்டுக் கீழே போடுகிற மாதிரி அவன் தோள் ஒருமுறை உயர்ந்து தணிந்தது. "நல்லாருக்கும்மா" என்றான். "ரொம்ப நல்லாருக்கு." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். ஆரோக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கிட்ட சத்தியம் வாங்கினீங்களே அண்ணி என்று அந்தக் கண்கள் கேட்டன. அரசப்பன் தலையை ஆட்டிக்கொண்டே, "பொம்பளைங்க மனசு அவ்வளவுதான். அவன் இஷ்டத்துக்கு விட்டிருந்தா இன்னிக்கு இருந்திருப்பான், சிங்கம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு நடந்தார்.

எல்லாரும் போன பிறகு சிஸ்டர் மெதுவாக, "ஏம்மா?" என்று கேட்டார்.

"நீங்க போங்க" என்றாள் ஃபிளோரா. "கொட்டகையில இனிமே யாருக்கும் வார்த்தை சொல்லாதீங்க. டாக்டரப் பாருங்கன்னு சொல்லுங்க. அது போதும்."

மூன்று மணி வாக்கில் கோயிலில் சாவுமணி அடிக்க ஆரம்பித்தது. பங்குக்குப் பொதுவான கறுப்புத் தூம்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிணப்பெட்டியை அதில் வைத்துத்தான் கோயிலுக்கும் கல்லறைக்கும் சுமப்பது வழக்கம். பெட்டியில் இறக்கும்போது தாடைக்கட்டை அவிழ்த்தார்கள். வாய் மூடியே இருந்தது. ஃபிளோரா கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டாள். "சொல்லிட்டீங்கல்ல, போங்க" என்று அவள் முணுமுணுத்தது யார் காதிலும் விழவில்லை.

தூம்பாவுக்குப் பின்னால் தெருவே நடந்தது. இரண்டு பக்கமும் அறுத்த வயலில் வைக்கோல் உருளைகள் கிடந்தன. தூரத்தில் அறுப்பு மெஷின் ஒன்று சாவு போகிறது என்று நிறுத்திவிட்டு, கடந்த பிறகு மறுபடி கிளம்பியது. கோயில் வாசலில் சனங்கள் செருப்பைக் கழற்றிக் குவித்துவிட்டு உள்ளே போனார்கள். ஃபிளோரா முன்வரிசைப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மஞ்சப்பை அவள் மடியில் இருந்தது.

"அண்ணி, அது என்னத்துக்கு இங்க?" என்று ஆரோக்கியம் காதில் கேட்டாள். ஃபிளோரா பீடத்தைப் பார்த்தாள். உண்மையைக் காட்டு ஆண்டவரே என்று ஐப்பசியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அது மஞ்சப்பையில் வந்து சேர்ந்தது. வாங்கின கையோடு ஊரைக் கூட்டிப் பொய் சொல்லியாகிவிட்டது. அது சரியா தப்பா என்று இனி எந்தத் தொட்டியில் போய்க் கேட்பது? கேட்டாலும் சாமியார் சாதாரணமாக ஏதாவது சொல்வார். இந்தத் தடவை அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நன்மை கொடுக்கும் நேரம் வந்தது. ஒவ்வொரு பெஞ்சாக எழுந்தார்கள். அருள்பிரகாஷ் கையைக் கூப்பிக்கொண்டு, அவளைப் பார்க்காமலே தாண்டிப் போய் வரிசையில் நின்றான். ஆரோக்கியம் எழுந்து, அவளுக்கு வழிவிட்டுக் காத்திருந்தாள்.

"வாங்க அண்ணி."

ஃபிளோரா மஞ்சப்பையின் வாயைச் சுருட்டி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீ போய்ட்டு வா" என்றாள். "நான் பாத்துக்கறேன்."